முதல் சனிக்கிழமைத் தண்ணீர்

எனக்குக் கோபம் வந்தால் முதலில் காது சூடாகும். வாய் திறப்பது அதற்குப் பிறகுதான். அந்த வருஷம் முழுக்க என் காது ஆறவே இல்லை. ஒரு குளமும் என் மாமியாரும் சேர்ந்து என்னைப் படுத்திய பாடு அப்படி.

நான் பிறந்தது அருமனைப் பக்கம். ரப்பர், தென்னை, மேடு, பள்ளம். தண்ணீர் என்றால் எங்களுக்குக் கிணறு, இல்லாவிட்டால் பாறைக்கு நடுவே ஓடும் ஓடை. கல்யாணமாகி நாஞ்சில் நாட்டு வயல்காட்டு ஊருக்கு வந்த பிறகுதான் குளம் என்றால் என்னவென்று பார்த்தேன். இந்தக் கரையில் நின்று கூப்பிட்டால் அந்தக் கரையில் மாடு மேய்ப்பவருக்குக் கேட்காது. ஒரு பக்கம் முழுக்கத் தாமரை, அதன் இலைமேல் நடந்து போகும் தாமரைக்கோழி, எதிர்ப்பக்கம் மடை, அதற்குக் கீழே கண்ணுக்கெட்டிய வரை வயல். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு உயிரியல் சொல்லிக்கொடுக்கிறவள் நான். அதைப் பார்த்ததும் எனக்கு வாயில் எச்சில் ஊறிவிட்டது. மற்ற வீட்டு மருமகள்கள் நகைக்கடையைப் பார்ப்பதுபோல் நான் குளத்தைப் பார்த்தேன் என்று மாமி இன்றைக்கும் சொல்வாள்.

வீட்டில் நானும் மாமியும் மட்டும்தான். கணவர் மஸ்கட்டில். மாமிக்குச் சுத்தம் என்றால் உயிர். முற்றத்தில் ஓர் இலை விழுந்தால் மரத்தையே முறைத்துப் பார்ப்பாள். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டாள். தெருவில் மற்ற மாமியார்கள் கூப்பிடுவதுபோல் பிள்ளே என்றோ ஏட்டி என்றோ சொல்லவும் மாட்டாள். எப்போதும் டீச்சர்தான். டீச்சர் சாப்பிட வருகிறாளா என்று என் முன்னால் நின்றே சுவரிடம் கேட்பாள். அது மரியாதையா கிண்டலா என்று எனக்கு வெகுநாள் பிடிபடவில்லை. பிடிபடாத விஷயத்துக்கெல்லாம் கோபப்படுவது என் வழக்கம் என்பதால் அதற்கும் கோபப்பட்டுக்கொண்டிருந்தேன்.

பகுதி நேரமாக டாக்டர் பட்டத்துக்குப் பதிந்து வருஷங்கள் ஓடியிருந்தன. எடுத்த முதல் தலைப்பு பாதியில் படுத்துவிட்டது. இரண்டாவதைத் தொடங்குவதற்குள் கல்யாணம். என் கைடு சார் நல்ல மனிதர்தான், ஆனால் பொறுமைக்கும் ஓர் அளவு உண்டல்லவா. இந்த ஒரு வருஷம் ஒழுங்கான அளவீடுகளோடு வந்தால் சரி, இல்லையென்றால் இனி நீட்டிப்புக்குக் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். கையெழுத்து இல்லையென்றால் பதிவு ரத்து. அத்தனை வருஷப் பாடும் குப்பைக்குப் போகும். அந்தச் சமயத்தில்தான் எங்கள் ஊர்க் குளத்தையே தலைப்பாக எடுத்தேன். வீட்டிலிருந்து எட்டிப் பார்த்தால் ஆய்வுக்களம், இதைவிட என்ன வேண்டும்?

ஆய்வு எளிமையானது. மனிதர்கள் புழங்கும் தண்ணீருக்கும் புழங்காத தண்ணீருக்கும் என்ன வித்தியாசம், அதில் வாழும் உயிர்கள் எப்படி மாறுகின்றன என்று பார்ப்பது. அதற்கு மூன்று இடங்கள்: பெண்கள் குளிக்கவும் துவைக்கவும் செய்கிற படித்துறை, மடை, ஆள் இறங்காத தாமரைப் பக்கம். மாதந்தோறும் முதல் சனிக்கிழமை காலையில் மூன்று இடத்திலும் தண்ணீர் எடுக்க வேண்டும். சூடு, காரத்தன்மை, தெளிவு, கரைந்திருக்கும் ஆக்சிஜன் எல்லாம் அளக்க வேண்டும். நத்தை எத்தனை, பூச்சி எத்தனை, கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் எத்தனை என்று எண்ண வேண்டும்.

தண்ணீரின் தெளிவை அளக்க ஒரு வட்டத் தட்டு வேண்டும். அதில் கறுப்பும் வெள்ளையுமாகப் பெயின்ட் அடித்து, கயிற்றில் கட்டி இறக்கினால், எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறதோ அந்த ஆழம்தான் கணக்கு. வீட்டில் விருந்தாளிகளுக்குப் பழமும் வெற்றிலையும் வைத்து நீட்டுகிற எவர்சில்வர் தாம்பாளம் ஒன்று இருந்தது. அச்சடித்த மாதிரி வட்டம். நடுவில் துளை போட்டுப் பெயின்ட் அடித்துவிட்டேன். காய்ந்த பிறகுதான் மாமி பார்த்தாள். சத்தம் போடவில்லை. மஸ்கட்டுக்கு வீடியோ காலில் அந்தத் தட்டை எல்லாப் பக்கமும் திருப்பித் திருப்பிக் காட்டினாள், அவ்வளவுதான்.

முதல் மாதம் எனக்குத் திருவிழா. படித்துறைத் தண்ணீர் நான் எதிர்பார்த்தபடி கலங்கலாக, சோப்பு நாற்றத்தோடு இருந்தது. கல் இடுக்கெல்லாம் நத்தை. ஒரு சொட்டுத் தண்ணீரை மைக்ராஸ்கோப்பின் அடியில் வைத்தால் உள்ளே ஒரு சந்தையே நடந்தது. ஒற்றைக் கண்ணோடு ஒன்று துள்ளிக்கொண்டு போகும். தலையைச் சுற்றி ரோமத்தைச் சக்கரம்போல் சுழற்றி இன்னொன்று சாப்பிடும். உடம்பு கண்ணாடியாக இருக்கிற தண்ணீர்த்தெள்ளுக்கு இதயம் துடிப்பதும் வயிற்றுக்குள் குட்டி அசைவதும் வெளியே தெரியும். வாளியில் முதுகு நிறைய முட்டைகளைச் சுமந்து பெரிய பூச்சி ஒன்று வந்தது. சுமப்பது ஆண், பெண் முட்டையை ஒட்டிவிட்டுப் போய்விடும் என்று மாமிக்குச் சொன்னேன். அதை போட்டோ எடுத்து மஸ்கட்டுக்கு அனுப்பச் சொன்னாள்.

அந்த வாரம் படித்துறையில் பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டு விசாரித்தார்கள். நானும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் எல்லாவற்றையும் விளக்கினேன். ஒவ்வொரு முதல் சனிக்கிழமையும் தண்ணீர் எடுப்பேன், நீங்கள் புழங்குவதால் இந்த இடம் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று எழுதுவேன், அதை யுனிவர்சிட்டியில் பெரிய சார்மார் எல்லாரும் படிப்பார்கள் என்று சொன்னேன். எல்லாரும் தலையாட்டினார்கள். மாமி தலையாட்டவில்லை. துவைத்த துணியைப் பிழிந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த மாதத்திலிருந்து குளம் என்னை ஏமாற்றத் தொடங்கியது.

படித்துறைத் தண்ணீர் தெளிந்துவிட்டது. தட்டை இறக்குகிறேன், இறக்குகிறேன், மறையவே மாட்டேன் என்கிறது. காரத்தன்மை ஏறிக் கிடந்தது. நத்தையைக் காணோம். பாசியைக் காணோம். மைக்ராஸ்கோப்பின் அடியில் சந்தை கலைந்து, ஒன்றிரண்டு செத்த உடம்புகள் மட்டும் கிடந்தன. தாமரைப் பக்கம் போனால் அங்கே நத்தைகள் குவியல் குவியலாக இருந்தன. மூன்றாம் மாதமும் அப்படியே. நான்காம் மாதமும் அப்படியே. சனிக்கிழமை காலைகளில் படித்துறையில் ஓர் ஆள் இருக்காது. டீச்சர் வேலைக்கு இடைஞ்சல் வேண்டாம் என்று ஒதுங்கி இருக்கிறார்கள், என்ன மரியாதை என்று நான் மனம் குளிர்ந்துபோனேன். இதைவிடப் பெரிய மண்டு இந்தத் தாலுகாவில் இருந்திருக்க முடியாது.

கைடு சார் அளவீடுகளைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். என் கணக்குப்படி, மனிதர்கள் துவைத்துக் குளித்த இடம்தான் குளத்திலேயே சுத்தமான இடம். உங்கள் ஊரில் சோப்புப் போட்டுக் குளிக்கிறார்களா, சந்தனம் போட்டுக் குளிக்கிறார்களா என்று கேட்டார். நத்தைகள் தேதி பார்த்துக் குடிபெயர்கின்றனவா என்றும் கேட்டார். கடைசியில் சிரிப்பை நிறுத்திவிட்டு, இதை வைத்து ஒன்றும் எழுத முடியாதம்மா என்றார். நான் ஒழுங்காக அளக்கவில்லை என்றோ, வீட்டில் உட்கார்ந்தே எண்களை எழுதிவிட்டேன் என்றோ அவர் நினைப்பது முகத்திலேயே தெரிந்தது. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் எனக்குக் காது எரிந்தது.

கருவியைச் சந்தேகப்பட்டேன், ரசாயனத்தைச் சந்தேகப்பட்டேன், என் கண்ணையே சந்தேகப்பட்டேன். மாமியைச் சந்தேகப்படவில்லை. ஒவ்வொரு முதல் சனிக்கிழமையும் அவள் விரல் நுனியெல்லாம் வெந்துபோய் இருப்பதையும், தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கேட்டால், கிணற்றுக்குச் சுண்ணாம்பு போட்டேன் என்பாள். எங்கள் பக்கம் கிணற்றை இறைத்துச் சுண்ணாம்பு போடுவது வழக்கம்தான். ஆனால் மாதாமாதம் எந்தக் கிணற்றுக்குப் போடுகிறார்கள் என்று ஓர் உயிரியல் டீச்சருக்குக் கேட்கத் தோன்றவில்லை.

ஒரு மாதம் முதல் சனிக்கிழமையன்றே பள்ளிக்கூடத்தில் ஆண்டு விழா வைத்துவிட்டார்கள். ஒரு நாள் முன்னதாகவே தண்ணீர் எடுத்துவிடலாம் என்று வெள்ளிக்கிழமை மதியமே லீவு சொல்லிவிட்டு, சாமான்களோடு நேராகக் குளத்தங்கரைக்குப் போனேன். மாமியிடம் சொல்லவில்லை.

படித்துறையில் தெருவே திரண்டிருந்தது. இரண்டு பேர் மாங்காய் பறிக்கிற தொரட்டியால் பாசியை இழுத்துக் கரையில் போட்டார்கள். வேறு சிலர் கல் இடுக்கிலிருந்து நத்தைகளைப் பொறுக்கி வாளியில் நிரப்பினார்கள். வாளி நிறைந்ததும் ஒருத்தி அதைத் தூக்கிக்கொண்டு தாமரைப் பக்கம் போய்க் கொட்டிவிட்டு வந்தாள். நடுவில், முழங்கால் அளவுத் தண்ணீரில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பழைய சாரத்துணியில் கட்டிய சுண்ணாம்பு மூட்டையைத் தண்ணீருக்குள் ஆட்டிக்கொண்டிருந்தாள் மாமி. அதுவும் எங்கே? நான் பாட்டில் முக்குகிற அதே மூன்றாம் படியில்.

நான் போட்ட சத்தத்தில் தாமரைக்கோழி எல்லாம் பறந்துவிட்டன. என்ன சொன்னேன் என்று முழுசாக ஞாபகம் இல்லை. என் படிப்பைத் தண்ணீரில் கரைத்துவிட்டீர்களே என்றேன். என் தலையில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டீர்களே என்றேன். பெண்கள் ஒவ்வொருவராக வாளியைக் கீழே வைத்தார்கள். ஒருத்தி பயந்துபோய் நத்தைகளைத் திரும்பப் படியிலேயே கொட்டினாள். மாமி மட்டும் மூட்டையை விடவில்லை.

"பொண்ணு பாக்க வாறவன் முன்னால வீட்டத் தூத்து வைக்காம, குப்பையோடயா காட்டுவாவ?" என்றாள். "எம் மருமவ குளிக்கிய கொளம் நாறுகுன்னு நாலு பெரிய சார்மாரு படிச்சா, யாருக்காக்கும் கொறச்சலு? டீச்சருக்குத்தானே?"

நான் சொன்ன அத்தனை விளக்கத்திலும் அவர்கள் காதில் விழுந்தது ஒன்றே ஒன்றுதான்: பெரிய இடத்திலிருந்து பார்க்கப் போகிறார்கள். பார்க்க வருகிறார்கள் என்றால் இந்த ஊரில் செய்வது ஒன்றுதான். கூட்டிப் பெருக்கித் தண்ணீர் தெளிக்க வேண்டும். தண்ணீருக்கே தண்ணீர் தெளிக்க முடியாது என்பதால் சுண்ணாம்பு தெளித்திருக்கிறார்கள். மாதாமாதம் குளத்துக்குப் பெண் பார்க்கும் சடங்கு நடந்திருக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் நான்தான். கோபத்திலும் எனக்குச் சிரிப்பு முட்டியது. சிரித்தால் மரியாதை போய்விடும் என்று விறுவிறென்று வீட்டுக்கு நடந்துவிட்டேன்.

கைடு சாரிடம் போனில் உள்ளதை உள்ளபடி சொன்னேன். அவர் நம்பவில்லை. இத்தனை வருஷத்தில் காய்ச்சல், கல்யாணம், கரன்ட் கட் எல்லாம் காரணமாகக் கேட்டிருக்கிறேன், மாமியார் குளத்தைக் கழுவினார் என்று யாரும் சொன்னதில்லை என்றார். பிறகு ஏதோ மனமிரங்கி ஒரு வழி சொன்னார். ஒரு நாள் காலையில் நானே வருகிறேன், என் முன்னால் மூன்று இடத்திலும் எடுத்துக் காட்டு. நீ சொல்வது உண்மை என்றால் பழைய எண்களைத் தள்ளிவிட்டு மறுபடி தொடங்கலாம், நீட்டிப்புக்குக் கையெழுத்துப் போடுகிறேன். படித்துறை அன்றைக்கும் பளபளவென்று இருந்தால் இதோடு விட்டுவிடு.

ஆக, என் வருங்காலம் படித்துறையின் அழுக்கில் வந்து நின்றது. அந்த அழுக்கோ மாமியின் கையில் இருந்தது.

நாங்கள் பேசாமல் இருந்த நாட்கள் அவை. சாப்பாடு வரும், பேச்சு வராது. நான்தான் இறங்கிப் போனேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் உட்கார்ந்து, கைடு சார் வருகிறார் என்றேன். உடனே அவள் கண் படித்துறைப் பக்கம் போனது. அதற்காகத்தான் வந்தேன் மாமி, அன்றைக்கு எதையும் சுத்தம் செய்யக் கூடாது என்றேன். நான் ஏதோ ஆபாசமாகப் பேசிவிட்டதுபோல் முறத்தைக் கீழே வைத்தாள். விருந்தாளி வருகிற நாளில் அழுக்கைக் காட்டுவதா என்று கேட்டாள். அழுக்கும் வேண்டாம், சுத்தமும் வேண்டாம், என்றைக்கும் எப்படி இருக்குமோ அப்படி இருந்தால் போதும், இல்லையென்றால் என் படிப்பு போய்விடும் மாமி என்றேன். சொல்லும்போது என் குரல் உடைந்தது. அதை மறைக்க எழுந்து உள்ளே போய்விட்டேன். சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை அவள்.

அந்தக் காலை வந்தது. நான் விழித்தபோது மாமி வீட்டில் இல்லை. சுண்ணாம்பு டப்பாவைத் திறந்து பார்த்தேன், இருந்தது. என்றாலும் இன்னொரு தடவை திறந்து பார்த்தேன். பஸ் நிறுத்தத்திலிருந்து கைடு சாரை அழைத்துக்கொண்டு வரும்போது அவர் தாமரையைப் பற்றி ஏதோ கேட்டுக்கொண்டே வந்தார். நான் அவருக்கு முன்னால் ஓட்டமும் நடையுமாகப் போனேன்.

கரையேறிப் பார்த்தேன். படித்துறை நிறைய ஆட்கள். துவைக்கிற கல்லில் துவைத்துக்கொண்டிருந்தார்கள், ஓரத்தில் மாட்டைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள், சோப்பு நுரை படியை விட்டு மெல்ல நகர்ந்தது. எல்லாம் என்றைக்கும்போல்தான். ஆனால் ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை. வாய் ஓயாமல் பேசுகிறவர்கள் ஊமையாகத் துணியை அடித்தார்கள். போட்டோவுக்கு நிற்பவர்கள்போல் எல்லாரும் முயன்று இயல்பாக இருந்தார்கள். பிறகுதான் தெரிந்தது: போர்வை, ஜமுக்காளம் எல்லாம் தூக்கிக்கொண்டு சிலர் வந்திருக்கிறார்கள், டீச்சருக்கு அழுக்குத்தானே வேண்டும், கூடுதலாகவே கொடுப்போம் என்று. மாமி நடுவழியில் நின்று அவர்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறாள். என்றைக்கும்போல் என்றால் என்றைக்கும்போல்தான் என்றாளாம்.

மாமியைத் தேடினேன். விருந்தாளி வருகிற நாளில் பெட்டியிலிருந்து கஞ்சிபோட்ட சேலையை எடுத்துக் கட்டுகிறவள், நைந்த சேலையோடு கடைசிக் கல்லில் உட்கார்ந்து துவைத்துக்கொண்டிருந்தாள். தலைமுடியில் நுரை. நிமிர்ந்து பார்க்கவில்லை.

சார் பேண்டை மடித்துவிட்டுக்கொண்டு என்னோடு தண்ணீரில் இறங்கினார். தாம்பாளத்தை அவரே இறக்கினார். அது உள்ளே போன வேகத்தில் மறைந்தது. ஆக்சிஜன் பாட்டிலில் ரசாயனங்களை விட்டேன். ஆக்சிஜன் இருந்தால் பழுப்பாக வரவேண்டிய படிவு, வெள்ளையாகவே இறங்கியது. அவர் பாட்டிலை வெயிலில் தூக்கிப் பார்த்தார், குனிந்து படி இடுக்கிலிருந்து ஒரு நத்தையை எடுத்துப் பார்த்தார். பிறகு, பக்கத்தில் இருப்பது யாரென்று தெரியாமல், மாமியிடம் சாதாரணமாகச் சொன்னார்.

"தண்ணி ரொம்ப மோசமா இருக்கேம்மா."

துவைக்கும் சத்தம் எல்லாம் நின்றுவிட்டது. இந்த ஒரு வார்த்தை யார் வாயிலிருந்தும் வந்துவிடக் கூடாது என்றுதான் அவள் மாதாமாதம் விரல் வேகச் சுண்ணாம்பு கரைத்தாள். மாமி எழுந்து, முகத்து நுரையை வழித்துவிட்டு, அவரை நேராகப் பார்த்தாள்.

"மோசந்தான் சாரே. எனக்க மவளுக்க படிப்பு இந்த அழுக்குலயாக்கும் கெடக்கு. நல்லாப் பாத்து எழுதிக்கிடுங்கோ."

சார் அவளைப் பார்த்தார், தாம்பாளத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கையெழுத்துப் போட்டுத் தருகிறேன், மறுபடி தொடங்கம்மா என்றார். தலையாட்டத்தான் நினைத்தேன். ஆனால் பாட்டிலைக் கையில் பிடித்தபடி, மூன்றாம் படியில் நின்று, ஊரே பார்க்க எனக்கு அழுகை வந்துவிட்டது. மூக்கிலும் கண்ணிலும் ஒழுகுகிறது, துடைக்கக் கை ஒழியவில்லை.

மாமிதான் பதறினாள்.

"ஏட்டி, தண்ணிக்குள்ள கண்ணீர விடாத. ரீடிங்கு மாறிப்போவும்."

நான் கரையேறிப் போய் அழுதேன்.